பதினாறு பேர்

என்னுடைய நாவல்களில் ஒன்றில் ஒரு டாக்டர் வருகிறார். ஆறடி உயரம், கம்பீரமான குரல், தங்கமான குணம். நள்ளிரவில் யார் வந்து கதவைத் தட்டினாலும் கொட்டும் மழையில் புறப்பட்டுப் போய்விடுவார். அவர் கை பட்டால் நோய் பறந்துவிடும். வாசகர்கள் பலர் அந்த டாக்டரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். ஒரு பெண்மணி அவருடைய விலாசத்தைக்கூடக் கேட்டிருந்தார். இப்படிப்பட்ட சமயங்களில் எழுத்தாளனுக்குத் தலை சற்றுக் கனத்துப் போவது இயற்கைதானே?

என் தலைக்கனத்தை இறக்கி வைத்தவன் என் தங்கை மகன். அவன் இங்கே வைத்தியம் படித்துவிட்டு அமெரிக்கா போனவன். அங்கே பொது வைத்தியத்தில் மூன்று வருஷம் பயிற்சி. அது முடிந்த பிறகு சிறுநீரக வைத்தியத்தில் ஃபெலோஷிப் என்று மேலும் இரண்டு வருஷம். விடுமுறையில் வந்திருந்தபோது என் நாவலைப் படித்து முடித்துவிட்டுத் திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, கதை நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் டாக்டர் கையில் ஒருவர்கூடச் சாகவில்லையே?"

"ஏன், கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ஒருத்தி சாகிறாளே?"

"அவள் விஷம் குடித்துச் சாகிறாள். டாக்டர் வருவதற்கு முன்பே போய்விடுகிறாள். அது கணக்கில் சேராது."

"ஏண்டா, உன் துறையில் அவ்வளவு பேரா சாகிறார்கள்?"

"என் துறை ஆரம்பித்ததே அப்படித்தான்" என்றான் அவன், சிரிக்காமல்.

அவன் திரும்பிப் போன பிறகு அந்த வார்த்தை என்னை விடவில்லை. பழைய புத்தகங்களையும் வைத்தியச் சரித்திரங்களையும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் சிறுநீரகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆட்டிறைச்சிக் கடையில் இதற்குக் குண்டிக்காய் என்று பெயர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஏறியதும் சிறுநீரகம் என்று கௌரவமான பெயர் வந்துவிடுகிறது. கைப்பிடி அளவுதான் இருக்கும். ஆனால் இருதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு காய்களுக்குத்தான் போகிறது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டிகள். இவை நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் அளந்தால் 12 குடம். ஆனால் நாம் வெளியேற்றுவதோ ஒன்றரை லிட்டர். மீதி அத்தனையையும், வேண்டிய உப்பு, சர்க்கரை எல்லாவற்றோடும், அந்தக் காய்களே திரும்ப வாங்கிக்கொண்டுவிடுகின்றன. பட்டினத்துச் செட்டியார்கூட இத்தனை கணக்காய் இருக்கமாட்டார்.

இந்தக் கணக்கப்பிள்ளை வேலையை நிறுத்திவிட்டால் யூரியா முதலிய கழிவுகள் ரத்தத்தில் தேங்குகின்றன. குமட்டலும் வாந்தியும் மயக்கமும் வருகின்றன. நமக்கு அமிர்தமாய் இருக்கிற இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாஸியம் என்ற உப்பு இருக்கிறது. அது வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் கூடிவிட்டால் ஒரு நொடியில் இருதயத்தை நிறுத்திவிடும்.

இந்த நோயை முதலில் சரியாக அடையாளம் கண்டவர் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் ரிச்சர்ட் பிரைட். 1827-ல் அவர் வெளியிட்ட நூலில், உடம்பு வீங்கி வருகிறவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று காட்டினார். அவருடைய சோதனை நம் அடுப்பங்கரைச் சோதனை. நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். முட்டை வெள்ளைக்கரு போல் அது திரண்டுகொண்டால் நோய் இருக்கிறது என்று அர்த்தம். 1842-ல் கைஸ் ஆஸ்பத்திரியில் இரண்டு வார்டுகளை, 42 படுக்கைகளை, சிறுநீரக நோயாளிகளுக்கென்றே அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே ஒரு பரிசோதனைக் கூடமும் அமைந்தது. இளம் வைத்தியர்கள் அங்கே அவருடன் வேலை செய்தார்கள். சிறுநீரக வைத்தியத்துக்கென்று ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டதென்றால் அதுதான் முதல் பள்ளிக்கூடம்.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் முக்கியமான பாடம் நடந்த இடம் வார்டு அல்ல. பிரேதப் பரிசோதனை அறை. உயிருள்ளவனிடம் வீக்கத்தையும் கரண்டியில் திரண்டதையும் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டியது. அவன் இறந்த பிறகு சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்து இரண்டையும் ஒப்பிட வேண்டியது. நோயைக் கண்டுபிடிக்கப் பிரைட்டுக்குத் தெரிந்தது, தீர்க்கத் தெரியவில்லை. ரத்தத்தை வெளியேற்றுவதும் பேதிக்குக் கொடுப்பதுமே அன்றைய சிகிச்சை. அதற்குப் பிறகு ஒரு நூறு வருஷம் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன். பண்டிதர்கள் இது பிழையான பாடம் என்பார்கள். ஆயிரம் வேரைக் கண்டவன் என்பதே சரி, மூலிகை வேர்களை அறிந்தவன் என்று பொருள் என்பார்கள். நானும் இத்தனை காலம் பண்டிதர்கள் கட்சியில்தான் இருந்தேன். இந்தச் சரித்திரத்தைப் படித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பாமர ஜனங்கள் வெறும் வாய்த்தவறாய் மட்டும் அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லையோ?

1938-ம் வருஷத்துக்கு வருவோம். ஹாலந்து தேசத்தின் வடக்கே குரோனிங்கன் நகரத்துச் சர்வகலாசாலை ஆஸ்பத்திரி. அங்கே 27 வயது இளம் வைத்தியர் ஒருவர் பயிற்சிக்கு வந்து சேர்ந்திருந்தார். பெயர் வில்லெம் கோல்ஃப். அவருடைய தகப்பனாரும் டாக்டர். காசநோய் ஆஸ்பத்திரி ஒன்றின் தலைவர். சிறுவயதில் வில்லெம் தான் டாக்டர் ஆகமாட்டேன் என்று சொல்லியிருந்தாராம். ஜனங்கள் சாவதைப் பார்க்கத் தம்மால் முடியாது என்பதுதான் காரணம். மிருகக்காட்சி சாலைக்கு அதிகாரியாகப் போகலாம் என்று நினைத்தார். தேசத்தில் மொத்தமே மூன்று மிருகக்காட்சி சாலைகள்தான் இருந்தன; வேலை கிடைப்பது துர்லபம் என்று தகப்பனார் எடுத்துச் சொன்னாராம். கடைசியில் வைத்தியத்துக்கே வந்துசேர்ந்தார்.

அவர் பொறுப்பில் விட்டவை நான்கு படுக்கைகள். அவற்றில் ஒன்றில் 22 வயதுப் பையன் ஒருவன், ஏழைக் குடியானவக் குடும்பத்தின் ஒரே மகன், சிறுநீரகம் கெட்டுக் கிடந்தான். வாந்தி எடுத்து எடுத்து, கண்பார்வையும் போய், அணு அணுவாய்ச் செத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க அவன் தாய் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு உடுத்தும் கறுப்பு உடை, தலையில் வெள்ளைக் குல்லாய். உன் ஒரே மகன் பிழைக்கமாட்டான் என்று அவளிடம் சொல்ல வேண்டிய கடமை இந்த இளம் டாக்டருக்கு. வைத்தியம் என்று எதுவும் கையில் இல்லை. அவர் வாழ்நாள் முழுவதும் இந்தக் காட்சியை மறக்கவில்லை, கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

அவர் செய்தது என்ன? கணக்குப் போட்டார். இந்தப் பையன் உடம்பிலிருந்து தினமும் 20 கிராம் யூரியாவை எப்படியாவது வெளியே எடுத்துவிட்டால் குமட்டல் நிற்கும். ஒருவேளை பிழைத்தும் விடுவான். இருபதே கிராம்! அதை எடுக்க வழி உண்டா?

வழியைத் தேடினவர்கள் முன்பே இருந்தார்கள். 1913-ல் அமெரிக்காவில் ஏபெல் என்பவர், ரத்தம் உறையாமலிருக்க அட்டைப்பூச்சியிலிருந்து எடுத்த மருந்தைக் கலந்து, நாய்களின் ரத்தத்தை மெல்லிய குழாய்கள் வழியாக ஓடவிட்டுக் கழிவைப் பிரித்துக் காட்டினார். 1924-ல் ஜெர்மனியில் கீஸன் நகரத்து டாக்டர் ஹாஸ் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அதைச் செய்தார். 15 நிமிஷம் நடந்தது. யாரும் உற்சாகப்படுத்தவில்லை, சில வருஷங்களில் அவர் விட்டுவிட்டார்.

குரோனிங்கனில் பிரிங்க்மன் என்ற ரசாயனப் பேராசிரியர் இருந்தார். அவர்தான் கோல்ஃபுக்கு ஸெலஃபேன் குழாயைக் காட்டினார். ஐரோப்பாவில் கொத்துக்கறியை அடைத்து விற்கிற மெல்லிய உறைதான் அது. கொஞ்சம் ரத்தத்தில் யூரியாவைக் கலந்து அந்த உறையில் அடைத்து, உப்புநீரில் போட்டு ஆட்டினார் கோல்ஃப். சில நிமிஷங்களில் யூரியாவில் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. ரத்த அணுக்கள் உள்ளேயே நின்றன. இனி யந்திரம் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில் உலகம் வேறு யந்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தது. 1940 மே மாதம் 10-ம் தேதி ஜெர்மன் படைகள் ஹாலந்துக்குள் புகுந்தன. கோல்ஃபின் குருவும், அவருக்கு ஊக்கம் தந்தவருமான பேராசிரியர் போலாக் டானியல்ஸ் யூதர். அவரும் அவர் மனைவியும் அந்த மாதமே தற்கொலை செய்துகொண்டார்கள். அவர் இடத்துக்கு நாஜிக் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். அவருக்குக் கீழ் வேலை செய்ய மனமில்லாத கோல்ஃப், 1941-ல் காம்பென் என்ற சின்ன ஊரின் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

அந்த ஊரில் எனாமல் பாத்திரத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் நிர்வாகி பெர்க் உதவிக்கு வந்தார். பெரிய எனாமல் தொட்டி, அதில் உப்புநீர், அதன்மேல் கிணற்று ராட்டினத்தைப் படுக்கவைத்தாற்போல் மரச்சட்டங்களாலான ஓர் உருளை, உருளையைச் சுற்றிச் சுற்றி ஸெலஃபேன் குழாய். உருளை சுழலச் சுழல ரத்தம் குழாய் வழியே ஓடிக் கழிவைத் தொட்டியில் விட்டுவரும். சுழலுகிற உருளைக்குள் ரத்தம் கசியாமல் போய்வர வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? ஃபோர்டு மோட்டார் வண்டியில் தண்ணீரைத் தள்ளுகிற பம்பின் இணைப்பு கைகொடுத்தது. படையெடுத்து வந்தவர்கள் தேசத்தை ஆண்டுகொண்டிருந்தபோது, பாத்திரத் தொழிற்சாலையும் மோட்டார்ப் பட்டறையும் கொத்துக்கறி உறையும் சேர்ந்து ஒரு சிறுநீரகத்தை உண்டாக்கின.

1943 மார்ச்சு 17-ம் தேதி முதல் நோயாளி. 29 வயதுப் பெண். வீட்டு வேலை செய்துவந்தவள். யந்திரம் வேலை செய்தது. யூரியா இறங்கிற்று. அவளுக்குத் தெளிவு வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ரத்தக் குழாயை அறுத்துத்தான் யந்திரத்தோடு இணைக்க வேண்டும். ஒருமுறை அறுத்த இடம் மறுமுறைக்கு உதவாது. பன்னிரண்டு முறை செய்தார்கள். அதற்கு மேல் அறுக்க இடம் இல்லை. அவள் இறந்துபோனாள்.

பிறகு இரண்டாம் நோயாளி, மூன்றாம் நோயாளி. இவ்விதம் பதினாறு பேர். பதினாறில் ஒருவர் பிழைத்தார். அவரும் யந்திரம் இல்லாமலே பிழைத்திருக்கக் கூடும் என்று கோல்ஃபே ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சாவைப் பார்க்க முடியாது என்று சொன்ன பையன் அல்லவா இவன்? ஊர் என்ன சொல்லியிருக்கும்? அந்த டாக்டரின் உருளையில் ஏறினவர்கள் யாரும் திரும்பி வருவதில்லை என்று நம் ஊராய் இருந்தால் கதை கட்டியிருப்பார்கள். பத்தாவது நோயாளியின் உறவினர்களிடம் அவர் எந்த முகத்தோடு பேசியிருப்பார்? என் நாவலில் வரும் டாக்டராய் இருந்தால் மூன்றாவது நோயாளியோடு நாவலாசிரியனே அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டிருப்பான்.

கோல்ஃப் ஒன்றையும் மறைக்கவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1944-லேயே பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, ஸ்காண்டிநேவிய வைத்தியப் பத்திரிகை ஒன்றில் தம் யந்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத காலத்திலேயே எழுதினார். 1946-ல் அதைப் பற்றியே ஆராய்ச்சி நூல் எழுதிக் குரோனிங்கனில் டாக்டர் பட்டம் பெற்றார். எந்த நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் எழுத்தில் பதிவாயிற்று.

அந்தப் பதினாறு பேர் அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள்? முக்கியமாய் ஒன்று. நாள்பட்டு முற்றிலும் அழிந்துபோன சிறுநீரகத்துக்கு இந்த யந்திரம் உதவாது. தொடர்ந்து செய்ய ரத்தக் குழாய்க்கு எங்கே போவது? ஆனால் திடீரென்று நின்றுபோன சிறுநீரகம் சில நாளிலோ சில வாரத்திலோ தானாகவே விழித்துக்கொள்ளும். அந்தச் சில நாட்கள் வரை உயிரைப் பிடித்துவைத்தால் போதும். ஆகவே கேள்வி யந்திரம் ஓடுகிறதா என்பது மட்டுமல்ல. யாருக்கு ஓட்டுவது என்பது.

1945 செப்டம்பரில் பதினேழாவது நோயாளி வந்தாள். வயது 67. திடீரென்று சிறுநீரகம் நின்று நினைவிழந்த நிலை. அவள் சிறையிலிருந்து வந்தவள்; நாஜிகளோடு சேர்ந்துகொண்டவள் என்று ஊரே வெறுத்த பெண். இவளையா காப்பாற்றுவது என்று கேட்டவர்கள் உண்டு. பதினொரு மணி நேரத்துக்கு மேல் யந்திரம் சுழன்றது. அவள் கண் விழித்தாள். அவள் சொன்ன முதல் வார்த்தை, 'என் புருஷனை விவாகரத்துச் செய்யப் போகிறேன்' என்பதாம். சொன்னபடியே செய்தாள், இன்னும் பல வருஷம் வாழ்ந்தாள். பதினாறு பேர் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்த பாடத்தின் பலன் இவளுக்குப் போய்ச் சேர்ந்தது. விதி யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

நம் பக்கத்தில் குருமார்களைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: கடைசி வித்தையைச் சிஷ்யனுக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வார்கள் என்று. கோல்ஃப் யுத்தம் முடிந்ததும் தம்மிடமிருந்த யந்திரங்களை லண்டன், நியூயார்க் முதலிய ஊர்களுக்கு இனாமாய் அனுப்பிவிட்டார். பாஸ்டன் நகரத்துப் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரிக்கு யந்திரத்தின் வரைபடங்களைக் கொடுத்தார். அங்கே டாக்டர் கார்ல் வால்ட்டர் அதை எஃகில் திருத்திக் கட்டினார். 1948-ல் அது ஓடத் தொடங்கியது. அதன் பொறுப்பு டாக்டர் ஜான் மெரில் என்பவருக்கு வந்தது.

சிறுநீரக வைத்தியத்தில் ஃபெலோஷிப் என்று இன்று சொல்வதன் வேர் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது. பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. யந்திரம் இருக்கும் இடத்துக்கு இளம் டாக்டர்கள் போய்ச் சேர்ந்தார்கள். குழாயைச் சுற்றினார்கள், தொட்டிக்கு உப்பு நிறுத்தார்கள், இரவெல்லாம் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள். மெரில் 1955-ல் சிறுநீரகச் செயலிழப்பின் சிகிச்சையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதுவரை படிக்கப் புத்தகமும் அதிகம் இல்லை.

பெரிய டாக்டர்கள் பலர் இதை எதிர்த்தார்கள். லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் கோல்ஃபின் யந்திரத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, சர்க்கரையும் எண்ணெயும் மட்டும் கொடுக்கும் பத்தியமே மேல் என்று ஒதுக்கிவைத்தார்கள். எதிர்ப்பைக் குறைத்தது இன்னொரு யுத்தம். கொரியாவில் 1952-ல் அமெரிக்க ராணுவம் வொன்ஜு என்ற இடத்தில் இந்த யந்திரத்தைக் கொண்டுபோய் வைத்தது. காயம்பட்டுச் சிறுநீரகம் நின்றுபோன சிப்பாய்களில் நூற்றுக்கு 80, 90 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அங்கே அது 53 ஆகக் குறைந்தது. பாதிக்கு மேல் இறந்தும் அதை ஜயம் என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் துறையில் ஜயத்தின் அளவு அப்படி.

இதே சமயத்தில் மற்ற வித்தைகளும் வந்து சேர்ந்தன. 1951-ல் கோபன்ஹேகன் நகரத்து இவர்சன், புருன் என்ற இருவர், முதுகுப் பக்கமாய் ஊசியைச் செலுத்திச் சிறுநீரகத்தில் துளியளவு சதையை எடுத்துப் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். பிரைட் பிணத்தில் பார்த்ததை இவர்கள் உயிருள்ளவர்களிடம் பார்த்தார்கள். பாரிஸில் டாக்டர் ழான் ஆம்பர்ழேயின் ஆஸ்பத்திரியில் 1952 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு தாயின் சிறுநீரகத்தை மகனுக்குப் பொருத்தினார்கள். மூன்று வாரம் வேலை செய்து நின்றுவிட்டது, பையன் இறந்தான். 1954 டிசம்பர் 23-ல் பாஸ்டனில் டாக்டர் ஜோஸப் மர்ரே இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். அவர் எட்டு வருஷம் வாழ்ந்தார். 1960-ல் எவியான், ஜெனீவா நகரங்களில் உலகத்துச் சிறுநீரக வைத்தியர்கள் முதல் மகாநாடு கூடியபோது ஆம்பர்ழேதான் முன்னின்றார். நெஃப்ராலஜி என்ற பெயரும் அந்த மகாநாட்டோடு உலகத்தில் நிலைத்தது.

அந்த 1960-ம் வருஷந்தான் முதல் நோயாளியின் கடனும் தீர்ந்தது. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், ரத்தக் குழாயைத் தடவைக்குத் தடவை அறுக்காமல், கையில் நிரந்தரமாய் ஒரு டெஃப்லான் வளையத்தைப் பொருத்திவைக்கும் யோசனையைக் கண்டார். வேய்ன் குவின்டன் என்ற யந்திர நிபுணர் அதைச் செய்து கொடுத்தார். மார்ச்சு 9-ம் தேதி அதைப் பொருத்திக்கொண்ட 39 வயதுத் தொழிலாளி இன்னும் பதினொரு வருஷம் உயிரோடு இருந்தார். காம்பெனில் பன்னிரண்டாம் தடவையோடு நின்றுபோன காரியம் ஸியாட்டிலில் தொடர்ந்தது.

ஆனால் ஒரு கதவைத் திறந்தால் பின்னால் இன்னொரு கதவு. இனி நாள்பட்ட நோயாளியும் வாழலாம். ஆனால் 1962 ஜனவரியில் ஸியாட்டிலில் திறந்த நிலையத்தில் இருந்தவை சில படுக்கைகள்தாம். வெளியே நிற்பவர்களோ அநேகம். யாரை எடுத்துக்கொள்வது? ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். ஒரு பாதிரியார், ஒரு வக்கீல், ஒரு பாங்குக்காரர், ஒரு குடும்பத் தலைவி, ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர், ஒரு தொழிலாளர் தலைவர், ஒரு ரண வைத்தியர். பெயர் வெளியே தெரியாத இந்த ஏழு பேர், யாருக்கு எத்தனை குழந்தைகள், யார் என்ன வேலை செய்கிறார், யாரால் சமூகத்துக்கு என்ன பிரயோஜனம் என்றெல்லாம் பார்த்து உயிரைப் பங்கிட்டார்கள். அவ்வருஷம் நவம்பரில் லைஃப் பத்திரிகை இதை வெளியிட்டதும் தேசமே திடுக்கிட்டது.

பத்து வருஷம் கழித்து, 1972 அக்டோபரில், அமெரிக்க சர்க்கார் சட்டம் செய்து, அநேகமாக எல்லாச் சிறுநீரக நோயாளிகளின் செலவையும் ஏற்றுக்கொண்டது. அதே 1972-ல்தான் அந்நாட்டில் சிறுநீரக வைத்தியத்துக்கென்று தனிப் பரீட்சையும் முதன்முதலாய் நடந்தது. ஏழு பேர் குழுவுக்கு வேலை போயிற்று. என் மருமான் படித்த படிப்புக்கு முறையான உருவம் வந்தது.

நம் நாட்டில் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1971-ல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றியாய் நடந்தது. கற்றுக்கொள்வதில் நாம் பின்தங்கிவிடவில்லை. ஆனால் அந்த ஏழு பேர் செய்த வேலையை நம் நாட்டில் வெகுகாலம் பணப்பை ஒன்றே செய்துவந்தது. ஏழைகளுக்கு ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இலவசமாய் ரத்தச் சுத்திகரிப்பு என்று மத்திய சர்க்கார் திட்டம் அறிவித்தது 2016-ல்தான். அந்தப் பணப்பை இன்னும் முழுவதும் ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது.

இத்தனையும் படித்த பிறகு, மறு வருஷம் என் மருமான் வந்தபோது அவனைத் திண்ணையில் பிடித்து உட்காரவைத்தேன்.

"எல்லாம் படித்துவிட்டேன். இப்போது உங்களிடம் யந்திரம் இருக்கிறது, மருந்து இருக்கிறது, பணம் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அப்புறம் இரண்டு வருஷம் என்னதான் கற்றுக்கொண்டாய்?"

அவன் விரல் விட்டு எண்ணினான். சிறுநீரைத் தானே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க, ஊசி போட்டுச் சதை எடுக்க, கழுத்து நரம்பில் குழாய் செலுத்த, மாற்றுச் சிகிச்சை ஆனவர்களைக் கவனிக்க. பிறகு சற்றுத் தயங்கினான்.

"இதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும், மாமா. ஒரு ராத்திரி 80 வயதைத் தாண்டின ஒருவருக்குச் சிறுநீரகம் நின்றுவிட்டது. இருதயமும் சரியில்லை. நான் மிஷினுக்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுப் பெரியவருக்குப் போன் பண்ணினேன். அவர் 'முடியுமா என்று நான் கேட்கவில்லை, செய்யலாமா?' என்றார். எனக்குப் புரியவில்லை."

"அப்புறம்?"

"அவரே வந்தார். நோயாளியின் மகளோடு பேசப் போனோம். நான் சொல்ல ஆரம்பித்தேன். வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம், இத்தனை ஆபத்து, இத்தனை பலன் என்று. அவர் ஒன்றும் பேசாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார். அதற்கப்புறந்தான் நான் அத்தனை நேரமும் நின்றுகொண்டே பேசியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது."

"பெரியவர் என்ன சொன்னார்?"

"சொல்லவில்லை, கேட்டார். 'உங்கள் அப்பாவுக்கு எது சந்தோஷம்?' என்று கேட்டார். அவருக்குத் தோட்ட வேலை பிடிக்குமாம். ஒரு மாதம் செய்து பார்க்கலாம் என்று முடிவாயிற்று. பார்த்தோம். மிஷின் நன்றாய்த்தான் வேலை செய்தது. ஆனால் அவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவரே போதும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். பத்து நாளில் போய்விட்டார். அந்த அம்மாள் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள்."

வெள்ளைக் குல்லாய் போட்ட அந்தத் தாயை நான் நினைத்துக்கொண்டேன். கோல்ஃபுக்கு அன்று கொடுக்க ஒன்றும் இல்லை. ஆகையால் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. இவனுக்குக் கொடுக்க எல்லாம் இருந்தது; அப்படியும் ஒருத்தியிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் வந்த அத்தனை யந்திரங்களும் எத்தனையோ லட்சம் பேரை வாழவைத்தன. அந்த நாற்காலியில் உட்காரும் வேலையை மட்டும் அவற்றால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவன் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். நோயாளிகளின் பெயரை எழுதக் கூடாது என்பதால் அதில் தேதிகள் மாத்திரம் இருக்கின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வரி: இன்னும் சீக்கிரம் பார்த்திருக்க வேண்டும், இந்த மருந்தைக் குறைத்திருக்க வேண்டும், இவருக்குச் செய்தது சரி, இப்படி.

"எத்தனை பேர் இதுவரை?" என்று கேட்டேன்.

"பதினாறு எப்போதோ தாண்டிவிட்டது, மாமா" என்றான்.

என் நாவல் அடுத்த பதிப்புக்குப் போகிறது. அந்த ஆறடி டாக்டருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாமா என்று பதிப்பாளரைக் கேட்டிருக்கிறேன். விற்பனை குறையும் என்கிறார். பார்க்கலாம்.